முதல் பத்தியில் இருந்த வினைச்சொல்

ஆங்கிலத்தில் 'கெயின்ஸே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. மறுத்துச் சொல்வது, எதிர்த்துச் சொல்வது என்று பொருள். பேச்சில் யாரும் அதைப் புழங்குவதில்லை. கோர்ட்டுக் காகிதங்களிலும் மேடைப் பேச்சுகளிலும்தான் அது உயிரோடு இருக்கிறது. என் வாழ்நாளில் அதை எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். அதில் ஒரு தடவை அடித்ததில் ஒரு பெண்ணின் வீடு போயிற்று. வார்த்தையின் மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை. அடித்தது என் விரல்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டில். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும். 'இட் கேனாட் பி கெயின்செட்' என்றுதான் ஒவ்வொரு மனுவையும் ஆரம்பிப்பார். 'இதை மறுப்பதற்கில்லை' என்று அர்த்தம். எதிராளி சொல்வதில் ஏதோ ஒரு சின்ன விஷயத்தை முதலிலேயே ஒத்துக்கொண்டு, ஆனால் என்று ஒரு திருப்பம் வைத்து, அப்புறம் பெரிய விஷயத்தைக் கேட்பார். "நாமளே ஏன் சார் ஒத்துக்கணும்?" என்று கட்சிக்காரர் யாராவது கேட்டால், "முதல்ல கொஞ்சம் விட்டுக்குடுத்து ஆரம்பிச்சாத்தான் ஜட்ஜ் காது குடுத்துக் கேப்பார்" என்பார். எனக்கு அவர் எதையும் சொல்லித் தந்தது கிடையாது. பிழை இருந்தால் காகிதத்தைத் தூக்கி எறிவார், அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

அந்த வார்த்தையை நானேதான் அகராதியில் தேடிப் பார்த்தேன். முதல் பாதியான 'கெயின்' என்பதை லாபம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். லாபத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழைய ஆங்கிலத்தில் 'எதிர்' என்று பொருள்பட்ட ஒரு சொல்லின் மிச்சம் அது. 'அகெய்ன்ஸ்ட்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதற்குள் இருப்பதும் அதே வேர். ஜெர்மன்காரர்கள் இன்னும் 'கேகன்' என்கிறார்களாம். பின்பாதி 'ஸே', அதாவது சொல்லு. லத்தீனிலிருந்து வந்த 'காண்ட்ரடிக்ட்' என்பதும் எதிர், சொல்லு என்ற இரண்டே துண்டுதான். நம் 'எதிர்த்துப் பேசு' என்பதும் அதேதான். ஒரு காலத்தில் இந்தக் 'கெயின்' ஒட்டிய வினைகள் ஆங்கிலத்தில் நிறைய இருந்தனவாம். எதிர்த்து நிற்பதற்குக்கூட ஒன்று இருந்ததாம். மற்றவையெல்லாம் வழக்கொழிந்து இது ஒன்றுதான் தப்பியிருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட அன்று ஒரு திமிர் வந்தது எனக்கு. எங்கள் வீட்டில் எதிர்த்துப் பேசுவது குற்றம். அம்மா அடித்த அடியில் பாதி அதற்காகத்தான். வாங்கிய அடியில் பழக்கமே விட்டுப்போய், யாராவது குரலை உயர்த்தினால் இன்றைக்கும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் இங்கிலீஷில் அதே காரியத்துக்குக் கோட்டு சூட்டு போட்ட ஒரு வார்த்தை இருக்கிறது, அது எனக்குத் தெரியும் என்பதில் அவ்வளவு கொழுப்பு. ஒன்றை மட்டும் நான் அப்போது கவனிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை 'கேனாட்' இல்லாமல் நான் ஒருமுறைகூட அடித்ததில்லை. மறுக்க முடியாது என்று சொல்ல மட்டுமே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

வக்கீல் போய்ச் சேர்ந்த பிறகு மந்தைவெளியில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கடை எடுத்தேன். ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம். கூடவே மனு எழுதித் தருவது. மனுவுக்குத்தான் கூட்டம். "அந்தம்மா எழுதினா ஆபீசரு எழுந்து நின்னு படிப்பாரு" என்று அடையாற்றோரக் குடிசைகளில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. தமிழில் எழுதிக் கொடுத்தாலே போதும். ஆனால் ஜனங்கள் இங்கிலீஷில்தான் கேட்பார்கள், இங்கிலீஷ் மனுவைத் தூக்கிப் போட ஆபீசர் யோசிப்பாராம். அது தப்பு என்று எனக்குத் தெரியும். சொன்னால் என் பெருமை போய்விடுமே என்று சும்மா இருந்தேன்.

என் கடைக்கு நாலு கடை தள்ளி, பூட்டியே கிடக்கும் ஒரு ஷட்டருக்கு முன்னால் மீன் விற்கும் அக்கா உட்காருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புருஷன் இல்லை. ஒரு மகள், தி.நகரில் துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். விடிவதற்குள் பட்டினப்பாக்கத்தில் மீன் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவார். நான் கடை திறக்கும்போது பாதி மீன் போயிருக்கும்.

"இன்னா கண்ணு, நேத்து எட்த்துக்கினு போன கானாங்கெளுத்தி எப்டி இர்ந்துச்சி?"

"முள்ளுதான் இருந்துச்சுக்கா."

"முள்ளு இல்லாத மீனு வோணும்னா படத்துலதான் கீது. காலண்டர் தரட்டா?"

எங்கள் பழக்கம் இவ்வளவுதான். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்து கடையைத் திறக்காமல் கிடந்த மூன்று நாளும் மகளிடம் குழம்பு கொடுத்து அனுப்பிய ஒரே ஆள் அவர்.

அடையாற்றை அகலப்படுத்தக் கரையில் இருக்கும் வீடுகளை எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வருஷக்கணக்காக இருந்தது. ஒரு கோடையில் நிஜமாகவே ஆட்கள் வந்து கதவுக்குக் கதவு சிவப்பு பெயிண்டில் எண் போட்டுவிட்டுப் போனார்கள். எண் விழுந்த வீட்டுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஓர் இடம். ஆட்சேபம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் மனு கொடுக்கலாம்.

அக்காவின் வீடு கரையில் இல்லை. ஆற்றோரக் குடிசைகளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தார் ரோடு. ரோட்டுக்கு மறுபக்கம் நாலே நாலு ஓட்டு வீடுகள். எந்தக் காலத்திலோ சர்க்கார் மாமனார் பெயருக்கு மனை ஒதுக்கிக் கொடுத்த தாள் ஒன்று, ஓரமெல்லாம் நைந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்தது. எண் போட வந்தவர்கள் கரை வரிசையை முடித்துவிட்டு, வந்த வேகத்தில் ரோட்டைத் தாண்டி அக்காவின் கதவிலும் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். அடுத்த வீட்டில் நாய் கட்டியிருந்தது. அது குரைத்த குரைப்பில் திரும்பிப் போய்விட்டார்கள். மற்ற மூன்று கதவிலும் எண் விழவில்லை. ஆக, அக்கா சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. என் வீடு ஆற்றங்கரையில் இல்லை, வந்து பாருங்கள்.

கடைசி தேதிக்கு முந்தின நாள் என் கடை வாசலில் ஆற்றோரம் முழுக்க நின்றது. கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் ஒரு மாதிரி மனு வைத்திருந்தேன். பெயரையும் கதவு எண்ணையும் மாற்றினால் போதும், அடுத்த ஆள். அந்த மாதிரியின் முதல் பத்தி என் கைவண்ணம். மனுதாரர் ஆற்றங்கரைப் புறம்போக்கில் குடியிருந்து வருகிறார் என்பதை மறுப்பதற்கில்லை, ஆனால் என்று அது ஆரம்பிக்கும். கரையில் இருக்கிறவர்களுக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. கரையில் இருப்பது ஊருக்கே தெரியும். அதை ஒத்துக்கொண்டு, பிள்ளைகள் பக்கத்தில் படிக்கிறார்கள், பிழைப்பு இங்கேதான் என்று கேட்பதுதான் அந்த மனு. வக்கீல் வீட்டில் பார்த்த அதே வித்தை, அதே 'கெயின்செட்'.

மத்தியானம் மீன் விற்று முடித்துவிட்டு, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்கா வந்தார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ரோட்டுக்கு மறுபக்கம் வீடு என்பதை ஆறாவது பத்தியாக எழுதி, தாளின் நகலையும் சேர்த்தேன். முதல் பத்தியில் கை வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அந்தப் பத்தி கண்ணில் பட்டது. எடுத்துவிட்டால் மனு மொட்டையாக இருக்குமே என்று நினைத்தேன். முதல் வரியே 'இல்லை' என்று தொடங்கினால் ஆபீசருக்கு எரிச்சல் வரும், கொஞ்சம் பணிந்து ஆரம்பிப்பதுதான் மரியாதை என்றும் தோன்றியது.

அக்காவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பேனாவை வாங்கிக்கொண்டு, "இன்னா எய்திகீற, அத்தப் படிச்சி சொல்லு" என்றார்.

இரண்டாவது பத்தியிலிருந்து விரல் வைத்துத் தமிழில் சொன்னேன். ஆறாவது பத்தியை இரண்டு தடவை சொன்னேன்.

அக்கா விரலை முதல் பத்தியின் மேல் வைத்தார். "இது இன்னா? இத்த சொல்லவே இல்லியே."

"அது ஒண்ணுமில்லக்கா. சும்மா மரியாதைக்கு எழுதறது."

"மரியாதைக்கா? அப்ப செரி" என்று கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்கு வரச் சொல்லி நாள் கொடுத்தார்கள். துணைக்கு வா என்று அக்கா கூப்பிட்டதால் அன்று கடையை மூடிவிட்டு நானும் போனேன். பெரிய ஹால். முன்னால் மேஜை போட்டு அதிகாரி, பக்கத்தில் எழுதுவதற்கு ஒருவர். நாங்களெல்லாம் பின்னால் பெஞ்சில். சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அனுமதி இல்லாமல் பொதுமக்களுக்கு மனு எழுதித் தருவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும், கடை உரிமம் ரத்தாகும். என்னிடம் இருந்தது ஜெராக்ஸுக்கும் டைப்பிங்குக்குமான உரிமம். பெஞ்சில் இருந்த ஒருவர் அந்த அறிவிப்பை அக்காவுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்.

அதிகாரி சின்ன வயது. கத்துகிறவர் இல்லை. ஒவ்வொருவரையும் அம்மா, ஐயா என்றுதான் கூப்பிட்டார். அக்கா போய் நின்றதும் மனுவை எடுத்து, முதல் பத்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, ஆத்தங்கரையில இருக்கறதை மறுக்க முடியாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் என்ன ஆட்சேபம்?"

"நா ஆத்தாண்ட இல்ல சார். என் வூடு ரோட்டுக்கு இந்தாண்ட கீது. தாளு வச்சிகீறேன் பாருங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். ஆறாவது பத்தியைப் படித்தார், தாளையும் பார்த்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். "ஒரே மனுவுல கரையில இருக்கேன்னும் சொல்றீங்க, இல்லேன்னும் சொல்றீங்க. நான் எதை எடுத்துக்கறதும்மா? ஒத்துக்கிட்டதைத்தான் நான் எடுத்துக்க முடியும்."

"நா அப்டி சொல்லவே இல்ல சார்."

அவர் மனுவை மேஜைமேல் வைத்தார். பிறகு நிதானமாகவே கேட்டார். "ஒருவேளை எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்களா? அப்படின்னா சொல்லுங்க. அவங்களைக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கறேன். ஆளை அனுப்பி இடத்தை மறுபடி பார்க்கச் சொல்றேன். யார் எழுதிக் குடுத்தது?"

அவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிட்டார் அந்த மனிதர். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடவில்லை என்பது எனக்கே தெரிந்தது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தைத் தவிர வேறொன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று காலுக்குச் சொன்னேன். மூன்று வார்த்தை போதும். நான்தான் எழுதினேன். மூன்றுகூட இல்லை, இரண்டு.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"யாரும் தப்பா எய்தல சார். நா சொன்னதத்தான் எய்திச்சி."

அதிகாரி ஒருமுறை அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவர் தள்ளுபடி என்று எழுதிக்கொண்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். நான் பெஞ்சிலேயே இருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். வழி நெடுக நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். மேல்முறையீடு பண்ணலாம், இன்னொரு மனு போடலாம், பெரிய ஆபீசுக்கே போகலாம், நானே எழுதுகிறேன் என்றேன். மந்தைவெளியில் இறங்கும்போது, "நாளைக்கி வஞ்சிரம் வரும், உனுக்கு எட்த்து வக்கட்டா?" என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. கோபம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரியே புது மனுவை அடித்து வைத்தேன். முதல் வரியிலேயே, வீடு ஆற்றங்கரையில் இல்லை என்று எழுதினேன். மறுநாள் மீனை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட வாங்கக்கா என்றேன். பார்க்கலாம் என்றார். அதற்கடுத்த நாளும் பார்க்கலாம் என்றார். மூன்றாம் நாள் கேட்டபோது, "வோணாம் கண்ணு, வுட்ரு" என்று மீனை அரிய ஆரம்பித்துவிட்டார். நானே ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அந்த ஹாலுக்குப் போக வழி தெரியாமல் இல்லை. போகவில்லை. அக்காவே வேண்டாம் என்றுவிட்டார், நான் என்ன செய்வது என்று ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

இடித்த அன்று நான் அங்கே போகவில்லை. அடையாறு பக்கம் வேலையாகப் போனவள் பாலத்தின் மேல் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மஞ்சள் இயந்திரம் கரையோரம் நின்றுகொண்டிருந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வீடு அங்கிருந்து தெரியாது. தெரியாதது நல்லதாய்ப் போயிற்று என்று அப்போது நினைத்தேன், அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

நாலு வீட்டில் மூன்று இன்றைக்கும் நிற்கின்றன. நாய் கட்டியிருந்த வீட்டுக்கு இப்போது புதுக் கதவு, நீல வர்ணம். இடிபட்ட இடத்தில் யாரும் எதுவும் கட்டவில்லை. பக்கத்து வீட்டார் இரண்டு பைக் நிறுத்துகிறார்கள். ஆற்றை அகலப்படுத்தவும் அந்த இடம் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஷட்டர் முன்னால் சில வாரம் யாரும் இல்லை. அப்புறம் வேறொரு பெண் காய்கறிக் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். ஊருக்கு வெளியே இருந்து விடியற்காலையில் பட்டினப்பாக்கம் வந்து சேர பஸ் கிடையாது. பஸ் வரும் நேரத்துக்கு வந்தால் மீன் இருக்காது. மகள் மட்டும் தி.நகர் வேலையை விடாமல் போய்வருகிறாள் என்று கேள்விப்பட்டேன், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். என் கடையில் மனு எழுதுவதை நிறுத்திவிட்டேன். யாராவது கேட்டால் இங்கிலீஷ் மறந்துபோச்சு என்கிறேன்.

அக்காவைப் போய்ப் பார்க்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. ஏறி முடித்தபோது மூச்சு வாங்கியது, கதவைத் தட்ட இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்கா இளைத்திருந்தார். கையில் மீன் வாசனை இல்லாத அக்காவை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்தார், டீ போட்டார். மகளுடைய வேலை, கீழே தண்ணீர் வரும் நேரம், முட்டி வலி என்று பேசினார். கீழே வாசலில் கருவாடு வைத்து விற்றுப் பார்த்தாராம், இரண்டு நாளில் எழுப்பிவிட்டார்களாம்.

நான் கொண்டுபோன காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தமிழில்தான் எழுதியிருந்தேன். மனுவைத் தப்பாக எழுதியது நான், மனுதாரர் அப்படிச் சொல்லவில்லை என்று என் பெயர் போட்டு, என் கையெழுத்தும் போட்டிருந்தேன். படித்துக் காட்டினேன், ஒரு வரியையும் விடாமல்.

அக்கா கேட்டு முடித்துவிட்டுக் காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இத்த இப்ப யாராண்ட குட்த்து இன்னா பண்றது? வூடே இல்லியே."

"என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமேக்கா. அவரே கேட்டாரே. ஏன் நீங்க சொன்னதா சொன்னீங்க?"

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நானா உன் பேர சொன்னா உன் கடைய பூட்டிருவாங்கோ. அது தெர்யும் எனக்கு. அதான் அப்டி சொன்னேன்" என்றார். "நா அப்டி சொன்னவொடனே, அது இல்ல சார், நாந்தான் எய்தினேன்னு நீ எழுந்து வருவேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் கண்ணு. அந்தாளு அட்த்த பேரக் கூப்புட்ற வரிக்கும் நெனச்சிக்கினுதான் இருந்தேன்."

நான் காகிதத்தைக் கைப்பைக்குள் வைத்தேன். அக்கா கிளாஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்து, அடுத்த பஸ் நாலரைக்கு, இப்போதே இறங்கினால்தான் பிடிக்கலாம் என்றார்.